திருப்பிச் சொல்லும் குரல்

போன வாரம் அலுவலகத்திலிருந்து நித்யா அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். நலம் விசாரித்து முடித்துவிட்டு, வாடிக்கையாளர்களோடு பேசும் நேரடி போனைக் கழற்றியாகிவிட்டது, இனி எச்சரிக்கைகளைக் கணினியே நேராக அனுப்பிவிடும் என்று சொன்னாள். ஏதோ வீட்டில் பழைய பீரோவைப் போட்டுவிட்ட மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரையும் வேண்டுமாம். எண்களை அந்தக் காலத்தில் நீங்கள் எல்லாம் எப்படிக் கணித்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் மேடம் என்றாள். நான் ஓய்வு பெற்று மூன்று தீபாவளிகூட ஆகவில்லை. அதற்குள் அந்தக் காலமாம்.

எழுதுகிறேன் என்றேன். ஆனால் எண்ணை எப்படிக் கணித்தோம் என்பது அவளுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். நான் எழுத நினைப்பது அந்தப் போனைப் பற்றி.

என் வேலை என்ன என்று கேட்பவர்களுக்கு என் அம்மா ஒரே வரியில் பதில் வைத்திருந்தாள். "சூரியனுக்கு ஜோசியம் பாக்கறா." ஆவடி குவார்ட்டர்ஸில் அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் மனைவிகளிடமும் சரி, பிறகு நாங்கள் முகப்பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புக்கு வந்தபின் எதிர்வீட்டாரிடமும் சரி, இதையே சொல்லி முடித்துவிடுவாள். எனக்குக் கோபம் வரும். ஆனால் அவள் சொன்னதில் பெரிய தவறு ஒன்றும் இல்லை.

சூரியன் சில சமயம் வெடித்து, கண்ணுக்குத் தெரியாத துகள்களை அசுர வேகத்தில் வாரி இறைக்கும். தரையில் நடமாடும் நமக்கு ஒன்றும் ஆகாது. காற்று மண்டலம் தடுத்துவிடும். மேலே சுற்றும் செயற்கைக்கோளுக்கு அந்தப் போர்வை கிடையாது. ஒரு துகள் அதன் நினைவுச் சில்லுக்குள் புகுந்து போனால் அங்கே எழுதி வைத்திருப்பதில் ஓர் எழுத்து மாறிவிடும். மாறிய எழுத்து முக்கியமான இடத்தில் இருந்துவிட்டால் கோள் ஊமையாகிவிடும். அடுத்த ஒரு நாளுக்குள் இப்படித் துகள் மழை வர நூற்றுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று தினமும் காலையில் ஓர் எண் சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை. சொல்லிவிட்டு அடுத்த காலை வரை அந்த எண்ணோடு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும்.

அலுவலகம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மாடியில் இருந்தது. கீழே தகடு வெட்டும் பட்டறை. பிரஸ் இறங்கும்போதெல்லாம் எங்கள் மேஜையில் தேநீர் ஆடும். சூரியனைப் பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட அந்த அறையில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. சூரியனை நாங்கள் திரையில்தான் பார்த்தோம். வெளிநாட்டுக் கோள்கள் அனுப்பும் படங்கள், எக்ஸ்-கதிர் அளவு, துகள் எண்ணிக்கை, ரேடியோ இரைச்சல் என்று ஆளுக்கு நான்கைந்து திரைகள். வேலை முடிந்து படியிறங்கி வெயிலில் நின்றால் கண் கூசும். நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தானா என்று இருக்கும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இயற்பியல் படித்துவிட்டு வந்தேன், படித்ததில் முக்கால்வாசியை மறந்தேன், மிச்சத்தை ராஜரத்தினம் சார் மறக்கடித்தார். அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் வறுத்த கடலை இருக்கும். யாரையும் திட்டியதில்லை, யாரையும் பாராட்டியதும் இல்லை. இரண்டில் ஏதாவது ஒன்றைச் செய்திருக்கலாம்.

அவர் ஏற்படுத்திய முறை இது. காலையில் பணியில் இருப்பவர் எல்லாத் திரைகளையும் பார்த்து, தனக்குப் பட்ட எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். அவரும் தன் மேஜையில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, தன் எண்ணை எழுதிக் கவிழ்ப்பார். அதுவரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. என்ன நினைக்கிறாய் என்று ஜாடையில்கூடக் கேட்கக் கூடாது. பிறகு இரண்டையும் திருப்புவோம். இரண்டும் எவ்வளவு விலகியிருந்தாலும் வெளியே போவது பணியில் இருப்பவரின் எண்தான். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எது நடந்தா இந்த நம்பரை மாத்துவீங்கம்மா?"

ஏன் இந்த எண் என்று கேட்க மாட்டார். ஏன் என்று கேட்டால் மனிதன் எதையாவது கட்டிச் சொல்லிவிடுவான் என்பது அவர் எண்ணம். எது நடந்தால் மாற்றுவாய் என்று கேட்டால்தான் நாம் எதை நம்பி எழுதினோம் என்பது நமக்கே தெரியும். அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது குரல். எண்ணை வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டு அறைக்கு நேரடி போனில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நாங்கள் சொல்வது எண் மட்டும். நிறுத்துவதா தொடர்வதா என்ற முடிவு அவர்களுடையது. ஆகவே எங்கள் குரலில் பயமும் இருக்கக் கூடாது, தைரியமும் இருக்கக் கூடாது. சார் இதற்குத் தனியாகத் தேர்வு வைத்தார். நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொள்வார். நாம் அவர் கொடுத்த தாளிலிருந்து எண்களை உரக்கப் படிக்க வேண்டும். எண்களுக்குப் பக்கத்தில் சிலவற்றில் மட்டும், இது நிஜம், இன்று துகள் வரப்போகிறது என்று எழுதியிருப்பார். எது நிஜம் என்று குரலை வைத்து அவர் கண்டுபிடித்துவிட்டால் நாம் தேறவில்லை. வங்கியில் டோக்கன் எண் கூப்பிடுவதுபோல் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு கட்டத்தில் அவரால் என் குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. "சரி, போன்ல உக்காருங்க" என்றார். அன்று எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும் அப்படித்தான் பேசியிருப்பேன் போலிருக்கிறது. வந்தார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், போனார்கள். அப்பாவின் காலத்துக்குப் பிறகு அம்மாவும் நானும்தான். அம்மா மட்டும் தினமும் மாலையில், "இன்னிக்கு என்ன சொல்றான் உன் சூரியன்?" என்று கேட்பாள். ஒன்றும் சொல்லவில்லை என்பேன். பெரும்பாலும் அதுதான் உண்மை. எங்கள் தொழிலில் ஒன்றும் நடக்காத நாள்தான் அதிகம். பாலத்தில் லாரி பத்திரமாகப் போனால் பாலம் கட்டியவனையாவது யாராவது நினைப்பார்கள். ஒன்றும் வராது என்று சொல்லி ஒன்றும் வராமல் போனால் யார் நினைப்பார்கள்? அம்மாவும் போன பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவும் ஆளில்லை. கதவைத் திறந்து உள்ளே போய், மின்விசிறியைப் போட்டுவிட்டு, சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

அந்த வருடங்களில் தவறாமல் என் குரலைக் கேட்ட ஒரே மனிதர் ஏழுமலை.

எங்கள் வாடிக்கையாளர்களில் ஒரு சிறிய நிறுவனம் மீன்பிடிப் படகுகளுக்காக ஒரு செயற்கைக்கோளை வைத்திருந்தது. கரையிலிருந்து செல்போன் எட்டாத தூரத்தில் படகு ஆபத்தில் மாட்டிக்கொண்டால், படகிலுள்ள கருவி அனுப்பும் செய்தியை வாங்கிக் கரைக்குத் தள்ளும் கோள் அது. அதன் கட்டுப்பாட்டு அறை பூந்தமல்லிக்கு அப்பால் இருந்தது. ஏழுமலை அங்கே பகல் பணிப் பொறியாளர். பக்கத்து நூம்பல் ஊர்க்காரர். அவருடைய அப்பா காலத்தில் அங்கெல்லாம் வயல், குடும்பமே அதில் கூலி வேலை பார்த்ததாம். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது குரல் மட்டும்தான். அவருடைய அறைக்கும் என்னுடைய அறைக்கும் நடுவில் ஒரு பேருந்துப் பயணம்தான். ஆனாலும் நாங்கள் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

நான் எண்ணைச் சொல்வேன். "பத்து. திருப்பிச் சொல்றேன் மேடம், பத்து" என்பார். அதன்பின் ஒரே ஒரு வரி. விதிப்படி அதுவும் கூடாது, ஆனால் அவர் விடமாட்டார். "சாப்டீங்களா மேடம்?" ஆச்சு என்பேன். போனை வைத்துவிடுவோம். வருடக்கணக்காக இதுதான் எங்கள் பேச்சு. அவ்வளவுதானா என்று கேட்பீர்கள். எனக்கு அதைவிட நீளமாகப் பேசும் ஆட்கள் அப்போது இல்லை.

இனி அந்த ஆயுத பூஜை நாளுக்கு வருகிறேன்.

அந்தப் படகுக் கோளின் மென்பொருளில் ஒரு கோளாறு இருந்தது. திடீர் திடீரென்று அதன் வானொலி தானாக அணைந்து, கொஞ்ச நேரம் கழித்து எழும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எந்தப் படகு கூப்பிட்டாலும் கேட்காது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் சரி செய்தாக வேண்டும். புயல் சமயத்தில் அணைந்தால் ஆட்கள் போய்விடுவார்கள். சரி செய்வதென்றால் பழைய மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதை மேலே ஏற்ற வேண்டும். அழித்ததற்கும் ஏற்றி முடிப்பதற்கும் இடையில் சில மணி நேரம் கோள் மூளையில்லாமல் கிடக்கும். அந்த நேரத்தில் துகள் மழை வந்தால் கோள் திரும்ப எழுந்திருக்காது. ஆயுத பூஜையன்று கடலில் படகுகள் குறைவாக இருக்கும் என்பதால் அந்த நாளையே குறித்திருந்தார்கள். எங்கள் எண் முப்பதுக்குக் கீழே இருந்தால் ஏற்றலாம், முப்பதோ மேலோ என்றால் நிறுத்த வேண்டும். இது அவர்களுடைய எழுத்துப்பூர்வ விதி.

அன்று காலை பேட்டையே மணந்தது. கேட்டுக்குக் கேட் வாழைக்கன்று, கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்த இயந்திரங்கள், பட்டறை வாசலில் பூசணிக்காய். பூஜை போட்ட கருவியை அன்று முழுக்கத் தொடக் கூடாது என்பது பேட்டையில் யாரும் மீறாத வழக்கம். எங்கள் மாடியிலும் கணினிகளுக்குப் பொட்டு வைத்தார்கள். பணித்திரைகளுக்கு மட்டும் வைக்க ராஜரத்தினம் சார் விடவில்லை. "பூஜை போட்டா லீவு கொடுக்கணும். இதுக்கு லீவு கிடையாது" என்றார். அவர் சொன்ன ஒரே நகைச்சுவை என் நினைவில் அதுதான்.

சூரியனில் அந்த இரண்டு வாரமாக ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் இருந்தது. அவ்வப்போது உறுமிக்கொண்டிருந்தது, பெரிதாக வெடிக்கவில்லை. சூரியன் சுழல்வதால் அது மெல்ல மேற்கு விளிம்புக்கு நகர்ந்து, இரண்டு நாள் முன்பு மறுபக்கம் போய் மறைந்துவிட்டது. கண்ணுக்கு மறைந்தால் கவலை போயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். அதுதான் சூரியனிடம் செல்லாது. தீபாவளிக்குத் தரைச்சக்கரம் விடுகிறோமே, அதன் பொறி நேராகத் தெறிக்காமல் வளைந்துதானே போகிறது? சூரியத் துகள்கள் வரும் பாதையும் அப்படி வளைந்தது. மேற்கு ஓரத்தில் வெடிப்பது நம்மிடம் வந்து சேரும். ஓரத்தைத் தாண்டிச் சற்று உள்ளே போனபின்னும் வரலாம். ஆனால் மறுபக்கம் போன பிறகு அது அடங்கிவிட்டதா வளர்ந்துவிட்டதா என்று பார்க்க எங்களிடம் கண் இல்லை.

திரைகள் எல்லாம் அமைதியாக இருந்தன. மறைந்துபோன புள்ளிக்கு வழக்கமாக எவ்வளவு கொடுப்போமோ அதைவிடக் கூடவே கொடுத்து, இருபத்தைந்து என்று எழுதினேன். அதற்குமேல் எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. மனசு மட்டும் ஒப்பவில்லை. இரண்டு வாரம் தினமும் பார்த்த முகம் அது. போகும்போது அது போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்கவில்லை என்பதற்கு எத்தனை சதவீதம் போடுவது? தாளைக் கவிழ்த்தேன். சார் திருப்பிய தாளில் பத்து என்று இருந்தது.

எது நடந்தால் மாற்றுவீர்கள் என்று கேட்டார். வெடிப்புக்கு அடையாளமான ரேடியோ இரைச்சல் வந்தால் என்றேன். தலையசைத்தார்.

போனை எடுத்தேன். "இருபத்தைந்து. நாளைக்கு இதே நேரம் வரை. ரேடியோ வந்தால் மாறும்."

"இருபத்தைந்து. திருப்பிச் சொல்றேன் மேடம், இருபத்தைந்து. நாளைக்கு இதே நேரம் வரை. ரேடியோ வந்தா மாறும்." கொஞ்சம் இடைவெளி விட்டார். பிறகு, "சாப்டீங்களா மேடம்?"

ஆச்சு என்றேன்.

சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன், கீழே பட்டறையில் பூசணிக்காய் உடைத்த சத்தம் கேட்டது. யாரோ பொரிகடலைப் பொட்டலம் ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதைப் பிரிக்கக்கூட இல்லை, ரேடியோத் திரை எகிறியது. எக்ஸ்-கதிர் திரையில் சின்ன அசைவுதான். வெடித்தது மறுபக்கம், அதனால் வெளிச்சத்தைச் சூரியனே மறைத்துவிட்டது. ஆனால் துகளை மறைக்க முடியாதே. எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. சிறிது நேரத்தில் வெளிநாட்டுக் கோள் அனுப்பிய படம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். அதன் காமிராவில் துகள்கள் மோதுகிற அடையாளம் அது. மேஜையில் கிடந்த பொரியை யாரோ திரையில் கொட்டியதுபோல் இருந்தது.

போனை எடுத்தேன். குரல் நடுங்கவில்லை. தொண்ணூறு என்றேன். ஏழுமலை திருப்பிச் சொன்னார். விதியை மீறி முதல் முறையாக நான் ஒரு கேள்வி கேட்டேன். "அழிச்சிட்டீங்களா?"

"இல்ல மேடம். ஆரம்பிக்கவே இல்ல."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த நொடியே குழப்பமும் வந்தது. இருபத்தைந்துதானே சொன்னேன், விதிப்படி காலையிலேயே தொடங்கியிருக்க வேண்டுமே, ஏன் தொடங்கவில்லை என்று கேட்டேன்.

"இன்னிக்கு ஆயுத பூஜை மேடம். மெஷினைத் தொடக் கூடாதுன்னு உட்டுட்டேன்."

போனை வைத்தேன்.

கோள் பிழைத்தது. துகள் மழை ஓய்ந்ததும் மென்பொருளை ஏற்றினார்கள், பருவமழைக்கு முன் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் விசாரணை வந்தது. எண் முப்பதுக்குக் கீழே இருந்தும் ஏன் நிறுத்தினாய் என்று ஏழுமலையை அவருடைய நிறுவனம் கேட்டது. அங்கேயும் அதையே சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஆயுத பூஜை என்கிறவன் நாளைக்கு அமாவாசை என்பான், இவனை நம்பிக் கோளைக் கொடுக்க முடியாது என்று முடிவு செய்து, அவரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எடுத்து ஆண்டெனா பராமரிப்புக்குப் போட்டார்கள்.

என் பெயருக்கு எதிரே அந்த நாள் தவறவிட்டது என்று பதிவாயிற்று. நாலு நாள் இருபத்தைந்து சொன்னால் அதில் ஒரு நாள் வரத்தான் வேண்டும், வரவில்லை என்றால்தான் என் எண் தப்பு. இதை நான் எத்தனை பேரிடம் சொல்லி ஓய்ந்தேன் என்று எனக்கே கணக்கில்லை. யாரும் கேட்கவில்லை. சார் மட்டும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தார். என் நினைவில் அவர் அப்படி உட்கார்ந்தது அன்றுதான். "எது தெரிஞ்சிருந்தா முப்பது எழுதியிருப்பீங்கம்மா?" என்றார். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் என்றேன். எனக்கும் அதான் என்று சொல்லிவிட்டு, கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

தொழிலில் இது பெரிய கேலியாகிவிட்டது. இனி எண்ணுக்குப் பதில் நல்ல நேரம் கேட்டுச் சொல்லலாமே என்று மற்ற நிறுவனத்தார் போனிலேயே சிரித்தார்கள். இத்தனை வருடம் உயிரைக் கொடுத்துச் சொன்ன எண்ணை ஒரு மனிதர் பொரிகடலைக்குக் கீழே வைத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டுப்பாட்டு அறையில் ஏழுமலையின் கடைசி நாளன்று வழக்கம்போல் எண்ணைச் சொன்னேன். திருப்பிச் சொன்னார். சாப்டீங்களா என்று கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"உங்களுக்கு நம்பர் எதுக்குங்க? காலண்டர் போதுமே."

"சாரி மேடம்" என்றார். மறுநாள் வேறு குரல் எண்ணைத் திருப்பிச் சொன்னது. அந்தக் குரல் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை. அதற்குப் பின் வந்த எந்தக் குரலும் கேட்கவில்லை.

ராஜரத்தினம் சார் ஓய்வு பெற்றார், சில வருடத்தில் காலமாகவும் ஆனார். அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். கடலைப் பொட்டலம் இல்லையே தவிர, நானும் முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். இப்போதும் காலையில் அந்த வேளைக்குச் செல்போனில் துகள் எண்ணிக்கையைப் பார்த்து, மனதுக்குள் ஓர் எண் போட்டுக்கொள்கிறேன். யாரிடம் சொல்ல?

இந்த வருடம் கத்திரி வெயில் சமயத்தில், முகப்பேரில் எங்கள் குடியிருப்புக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவர் செல்போனைக் காதில் வைத்தபடி மாத்திரைப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். நரைத்த தலை, கையில் மஞ்சள் பை. "காலைல ஒண்ணு, ராத்திரி அரை. இரு, திருப்பிச் சொல்றேன். காலைல ஒண்ணு, ராத்திரி அரை" என்றார்.

அவர் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. "ஏழுமலை" என்று கூப்பிட்டேன். அவர் திரும்புவதற்கு முன்பே, "மேடம்" என்றார்.

பக்கத்துப் பழச்சாற்றுக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தோம். மகளை இங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறாராம், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சலாம். வேப்பம்பட்டில் சொந்தமாக வீடு கட்டிக்கொண்டு போய்விட்டாராம். ஆண்டெனாவுக்கு எண்ணெய் போட்டே ஓய்வு பெற்றேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருடம் உள்ளே கிடந்த கேள்வியைக் கேட்டேன். படித்த மனிதர், விதி தெரிந்த மனிதர், பூஜைக்காகவா கோளைத் தொடாமல் விட்டீர்கள் என்றேன்.

ஏழுமலை சாற்றுக் கோப்பையைக் கீழே வைத்தார். "பூஜையெல்லாம் இல்ல மேடம். அதுக்கு முந்தின வருசம் பூஜை அன்னிக்கும் நான் டூட்டிதான் பாத்தேன், எல்லா பட்டனையும் தொட்டேன். அன்னிக்கு உங்க கொரல்தான் மேடம்."

என் குரலில் ஒன்றும் இருந்திருக்காது என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

"நம்பர் சொல்ற கொரல்ல ஒண்ணும் இருக்காது. அதுக்கு முன்னாடி கீது. எப்பவும் போனை எடுத்த உடனே கடகடன்னு சொல்லிடுவீங்க. அன்னிக்கு மூச்சை இழுத்தீங்க. வச்சிகினே இருந்தீங்க. அப்பால சொன்னீங்க இருபத்தைஞ்சுன்னு. இத்தினி வருசத்துல நீங்க அப்பிடி மூச்சு புடிச்சி நான் கேட்டதே இல்ல. இன்னாமோ கீது, இவங்களுக்கே மனசு ஒப்பலன்னு தெரிஞ்சிபோச்சு. நிறுத்திட்டேன்."

சார் எண்ணைச் சொல்லும் குரலைத்தான் சோதித்தார். அதற்கு முன்னால் இழுக்கும் மூச்சை அவரும் கவனித்ததில்லை, நானும் கவனித்ததில்லை. அப்படியென்றால் இதை ஏன் அன்று என்னிடம் சொல்லவில்லை, விசாரணையில் ஏன் சொல்லவில்லை, உங்கள் கட்டுப்பாட்டு அறை வேலை போயிருக்காதே என்று கேட்டேன்.

"லைன்ல எல்லாம் ரெக்கார்ட் ஆகுது மேடம். மேடத்துக்கே மனசு ஒப்பலன்னு நான் சொன்னா, அப்ப ஏன் இருபத்தைஞ்சு சொன்னாங்கன்னு உங்களைப் புடிச்சிருப்பாங்க. பூஜைன்னு சொன்னா என்னைத்தானே முட்டாள்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க."

காலண்டர் போதுமே என்று நான் சொன்னது அவருக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்திருக்கும். வெளியே ஒரு பேருந்து நின்று கிளம்பியது. என் அறைக்குத்தான் ஜன்னல் இல்லை, என் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு வாழ்க்கையையே ஓட்டிவிட்டேன். அந்தப் பக்கம் ஒருவர் என் மூச்சைக்கூட எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆச்சுன்னு சொல்லுவீங்களே மேடம், பாதி நாள் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. அதுவும் தெரியும். லைன்ல எப்பிடி கேக்கறதுன்னு உட்டுட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பினார். "சாப்டீங்களா மேடம்?"

"இல்ல ஏழுமலை. இன்னும் சாப்பிடல."

"சாப்பிடல. திருப்பிச் சொல்றேன் மேடம், சாப்பிடல" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு, எதிர்ச்சாரியிலிருந்த சாப்பாட்டுக் கடையைப் பார்த்து எனக்கு முன்னால் நடந்தார்.